தேனீக்களுக்குச் சொல்ல வேண்டிய பெயர்

“உன்னைக் கட்டிக்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? உங்க வீட்டுப் பேரைக் கட்டிக்க மாட்டேன்னுதான் சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“உனக்கு ஒண்ணு. எனக்கு இல்ல.”

“முதல்ல அந்தச் சுத்தியலைக் கீழ வை. நீ பேசறியா அது பேசுதான்னே தெரியல.”

லூடெக்கே இன்னும் ஒரு அடி அடித்தான். வேண்டுமென்றே அடித்த அடி. பிறகு சுத்தியலைப் பட்டடைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, கையைத் தோல் முன்துணியில் துடைத்துக்கொண்டான். உலையில் நெருப்பு குறைந்துகொண்டிருந்தது. வெளியே மழை, காலையிலிருந்து ஒரே சீராக, யாரையும் நனைக்க அவசரப்படாத நவம்பர் மழை.

ஹில்லே வாசலிலேயே நின்றாள். சதுப்பு வழியாக நடந்து வந்ததில் அவளுடைய மரச்செருப்புகள் இரண்டிலும் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. தலையில் போட்டிருந்த கம்பளித் துணியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“உள்ள வாயேன்.”

“வரல. பதில் சொல்லு. ஞாயித்துக்கிழமை பூசையில நமக்குக் கல்யாண ஓலை வாசிக்கணும். எந்தப் பேர் சொல்லி வாசிக்கணும்னு பாதிரியார் கேட்டு அனுப்பியிருக்கார்.”

“லூடெக்கே ஷ்மிட்னு வாசிக்கச் சொல்லு.”

“அப்படி வாசிச்சா எங்க பண்ணைக்குள்ள நீ மாடு கட்டத்தான் வர முடியும்.”

போன வாரம் பிரபுவின் காரியஸ்தர் குதிரையை விட்டு இறங்காமலேயே சொல்லிவிட்டுப் போனதை ஹில்லே மறக்கவில்லை. அவளுடைய கிழட்டு அப்பா கண்ணை மூடும்போது, அந்த வீட்டு அடுப்பைச் சுற்றி வந்து எல்லர்புரோக் என்ற வீட்டுப் பெயரை ஏற்ற ஓர் ஆண்பிள்ளை அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரபு அனுப்பும் ஆள் வந்து உட்காருவான். ஹில்லே எங்கே வேண்டுமானாலும் போய் வேலைக்காரியாக இருந்துகொள்ளலாம். கிழவரோ மூன்று நாளாகக் கஞ்சியைக்கூட விழுங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெயர் மனிதரோடு பிறப்பதில்லை, பண்ணையோடு கிடக்கிறது. எல்லர் என்பது தண்ணீரில் கால் வைத்து நிற்கிற மரம். புரோக் என்பது சதுப்பு. எல்லர் மரங்கள் நிற்கும் சதுப்பின் ஓரமாக யாரோ ஒருவன் முதன்முதலில் கூரை போட்டான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. சதுப்பின் பெயர் வீட்டுக்கு வந்தது, வீட்டின் பெயர் அதில் இருப்பவனுக்கு வந்தது. மகன் இல்லாமல் மகள் மட்டும் இருந்தால், அவளைக் கட்டிக்கொண்டு வருகிறவன் தன் பெயரை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். எப்போதும் அப்படித்தான். அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

லூடெக்கேகூட வருத்தப்படவில்லை, கோடையில். அப்போது அவனுடைய அண்ணன் உயிரோடு இருந்தான், எங்கேயோ ஒரு படையில். இலைகள் உதிரும்போது அண்ணன் காய்ச்சலில் போன சேதி வந்தது. அதைக் கேட்ட அப்பா சுத்தியலை இறக்கி வைத்தார், அப்புறம் எடுக்கவேயில்லை. இதே நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளன்று அவரைப் புதைத்தார்கள்.

“எங்க வீட்ல நான் ஒருத்தன்தான் மிச்சம், ஹில்லே. எங்க அப்பா கொல்லர், தாத்தா கொல்லர், அவர் அப்பனும் கொல்லர். அதனாலதான் ஷ்மிட். யாரும் கொடுத்த பேர் இல்ல. அடிச்சு அடிச்சு வந்த பேர்.”

“கொல்லன் வேலையை விட்டுட்டு வரேன்னு நீதானே சொன்ன? அப்புறம் அந்தப் பேர் எதுக்கு?”

“பட்டறையை விடறேன். சுத்தியலை விடறேன். உங்க மாட்டுக்குச் சாணி அள்றேன். சதுப்புல இறங்கி இடுப்பளவு தண்ணியில அடுப்புக்கு எரிக்கிற மண்கட்டி வெட்டறேன். பேரை மட்டும் எனக்கு விட்டுடுங்க.”

“எங்க அப்பா விடலையா? அவரும் வந்து சேந்தவர்தான். ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்காரா?”

லூடெக்கே அவளைப் பார்த்தான். அவன் குரல் தணிந்தது.

“அவர் இங்க வர்றதுக்கு முன்னாடி யாரு?”

“எங்க அப்பாவா? எவெர்ட்.”

“எவெர்ட், சரி. எந்த எவெர்ட்?”

ஹில்லே வாயைத் திறந்தாள். எல்லர்புரோக் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து, பொருந்தாமல் திரும்பிப் போனது. அவளுக்கு இருபத்து நான்கு வயது. அந்தக் கேள்வியை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“தெரியலல்ல?” லூடெக்கே குனிந்து, ஆறிப்போன இரும்பை இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டான். அது சத்தமே போடவில்லை. “நாளைக்கு நம்ம பொண்ணு ஒருத்தி இதே மாதிரி வாசல்ல நிப்பா. அவகிட்டயும் எவனாவது கேப்பான்.”

அவள் திரும்பி நடந்தாள்.

*

சதுப்பின் மேல் போட்டிருந்த பலகைப் பாதையின் ஓரமாகப் போன வாரம் எல்லர் மரங்களை வெட்டியிருந்தார்கள். அந்த மரத்தை வெட்டும்போது உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் சிவக்கத் தொடங்கும். இப்போது அடிக்கட்டைகள் எல்லாம் பச்சைப் புண் போல மழையில் பளபளத்தன. சின்ன வயதில் அவள் அழுதுகொண்டே ஓடிவந்து, மரத்துக்கு ரத்தம் வருகிறதென்று சொன்னபோது, அப்பா சிரிக்கவில்லை. “ஆமாம்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டின் பெரிய கதவைத் தள்ளினாள். அதே கூரைக்குள் இரண்டு பக்கமும் கட்டியிருந்த மாடுகள் தலையைத் திருப்பிப் பார்த்தன. நடுத்தளத்தின் கடைசியில் அடுப்பு. அதற்கு மேலே, பன்றித் தொடைகள் தொங்கும் புகைக்குள்ளிருந்து, பல் பல்லாக வெட்டிய நீண்ட இரும்புக் கொக்கி இறங்கியிருந்தது. கொக்கியில் கொப்பரை. கொப்பரைக்கு முன்னால் ஸ்டீனா.

ஸ்டீனா முதல் அண்டை வீட்டுக்காரி. எங்கள் பக்கத்தில் பிறப்புக்கும் சாவுக்கும் முதலில் வர வேண்டியது சொந்தக்காரர்கள் இல்லை, முதல் அண்டை வீட்டார்தான். பிணத்தைக் குளிப்பாட்டுவதும், மணி அடிக்கச் சொல்வதும், தேனீக்களிடம் சேதி சொல்வதும் அவர்கள் கடமை. ஸ்டீனாவின் புருஷனுக்குக் கால் விளங்காது, அதனால் எல்லாமே அவள்தான். இன்னும் உயிரோடு இருக்கிறவரின் வீட்டில் கறுப்புத் துணியை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு? உன் இரும்புத்துரை இறங்கி வந்தாரா?”

“இல்ல.”

“கரி மூஞ்சிக்குப் பேர் ஒரு கேடா! சனிக்கிழமை குளிச்சாத்தான் அது யாருன்னே தெரியும். இதுல பேரை விடமாட்டாராம்.”

“ஸ்டீனா அத்தை, சும்மா இருங்க.”

“நான் சும்மாதான் இருக்கேன். உள்ள இருக்கிறவர் சும்மா இருக்கலையே. நெஞ்சு கர்கர்னு இழுக்குது. இன்னிக்குத் தாண்டினா பெரிசு.” ஸ்டீனா துணியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். “நல்லா கேளு. அவர் மூச்சு நின்னதும் வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டு நான் தேனீ வளக்கற கூடைங்ககிட்டப் போகணும். ஒவ்வொரு கூடையா தட்டிச் சொல்லணும். ‘தேனீயே, உன் எஜமான் எல்லர்புரோக் செத்துட்டார். உன் புது எஜமான் எல்லர்புரோக் வந்துட்டார்.’ ஒரு பேர் போயி அதே பேர் வரணும். அப்பத்தான் அது நிக்கும். இல்லாட்டி பூ பூக்கிறதுக்குள்ள கூடு காலி.”

“தேனீ போனா போகட்டும்.”

“தேனீ போனா போகட்டும்னு நீ சொல்லுவ. காரியஸ்தரோட ஆளு வேலிப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருப்பான். செத்தது எல்லர்புரோக், உக்காந்தது எல்லர்புரோக். அந்த ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் பண்ணை உன் கையில இல்ல. புரியுதா பொண்ணே?”

புரிந்தது. ஹில்லே ஈரத் துணியைத் தலையிலிருந்து எடுத்து அடுப்பருகே விரித்தாள். ஸ்டீனா கொப்பரையைக் கிண்டப் போனாள்.

“அத்தை, அப்பாவோட பழைய பேர் என்ன?”

ஸ்டீனா கொப்பரையைக் கிண்டுவதை நிறுத்தினாள்.

“எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான்.”

“தெரியாது. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லுவாங்க. ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு, ஒரு கிடாரியை ஓட்டிக்கிட்டு வந்தாராம். பழைய எல்லர்புரோக்கோட மக ஆல்கே, உங்கப்பாவோட முதல் பொண்டாட்டி, அவர் கையைப் பிடிச்சு இந்தக் கொக்கியை மூணு சுத்து சுத்திக் கூட்டிட்டு வந்தா. அத்தோட முடிஞ்சது. ஆல்கே பிள்ளை இல்லாம போய்ச் சேந்தா, உங்கம்மா வந்தா, நீ வந்த. உங்க மூணு பேர்ல யாருக்கும் இந்த வீட்டு ரத்தம் ஒரு சொட்டு கிடையாது, ஆனா நீங்கதான் எல்லர்புரோக்.” அவள் மறுபடி கிண்டத் தொடங்கினாள். “பேரெல்லாம் தோண்டாத. போய்ப் பாரு அவரை. உன்னைத்தான் கேட்டாரு.”

*

அடுப்புக்குப் பின்னால் சுவரோடு சேர்த்து அடித்த பெட்டிக் கட்டில். அதன் சறுக்குக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வைக்கோல் மெத்தையில் அப்பா சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடந்தார். படுத்தால் மூச்சு வராது.

“பையன் ஒத்துக்கிட்டானா?”

ஹில்லே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு பொய்யை யோசித்து வைத்திருந்தாள். நிம்மதியாகப் போகட்டும் என்றுதான்.

“ஒத்துக்கிட்டான்பா.”

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள். அவர் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பாவம்” என்றார்.

அடுப்பில் மண்கட்டி ஒன்று சரிந்து விழுந்தது.

“ஏம்பா அப்படிச் சொல்றீங்க? இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க?”

“நான் எங்க காத்துக்கிட்டிருந்தேன்? பண்ணை காத்துக்கிட்டிருந்துச்சு.”

பேச்சு அவருக்கு இரண்டு மூன்று சொல்லாகத்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சைத் தேட வேண்டியிருந்தது. ஹில்லே குவளையை உதட்டருகே கொண்டுபோனாள். நனைத்துக்கொண்டார்.

“அப்பா, நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி உங்க பேர் என்ன?”

தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். பிறகு அவர் தோள் அசைந்தது.

“நான் வந்த வருஷம், முதல் பனி. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல, வேலைக்காரன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். மத்தியானம் ஒரு பைத்தியக்காரக் கிழவி வந்தாளாம். எவெர்ட் சாண்ட்ஹாகன் இருக்கானான்னு கேட்டாளாம். அப்படி இங்க யாரும் இல்லை, இது எல்லர்புரோக் வீடுன்னு சொல்லி அனுப்பிட்டேன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. கையில ரொட்டியை வச்சுக்கிட்டு நானும்...”

மூச்சு நின்று, மறுபடி வந்தது.

“அப்புறம்தான் உறைச்சது. எங்கம்மா.”

“அப்பா...”

“ஓடினேன். வெள்ளையா கிடக்கு எல்லாம். கால்தடம் மேல பனி விழுந்து மூடிடுச்சு. மறுநாள் ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தேன். வீட்டுக்கு வந்து சேரல. பனி கரையும்போதுதான் பொணமா கிடைச்சா.”

ஹில்லே குவளையைக் கீழே வைத்தாள்.

“அந்த ஆளை அடிக்கலையா நீங்க?”

“எதுக்கு அடிக்கணும்? அவன் பொய் சொல்லலையே. சாண்ட்ஹாகன்னு இங்க யாரும் இல்ல. அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கப்புறம் யாரும் என்னை அப்படிக் கூப்பிடல. கூப்பிடத் தெரிஞ்சவ போயிட்டா.”

“சாண்ட்ஹாகன்” என்று ஹில்லே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய அப்பாவின் பெயர், வேறு யாரோ ஒருவரின் பெயர் போல வாயில் புரண்டது.

அவர் கண்ணைத் திறந்தார். திரும்பி அவளைப் பார்த்தார்.

“மணல்தான் அங்க. எங்க பாத்தாலும் மணல். வீட்டைச் சுத்தி ஒரு முள்வேலி. அவ்வளவுதான் அந்தப் பேரு. வேற ஒண்ணும் இல்ல அதுல.” கொஞ்சம் பொறுத்து, “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

அவள் சொல்வதற்குள் பெரிய கதவு கிறீச்சிட்டது. மாடுகள் கத்தின. ஸ்டீனாவின் குரல் நடுத்தளம் முழுக்க எதிரொலித்தது.

“அடேங்கப்பா! கொல்லருக்கு வழி தெரிஞ்சிடுச்சு போலிருக்கே!”

*

லூடெக்கே தோல் முன்துணியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தான். தலையிலிருந்து மழை வழிந்து, முகத்துக் கரியில் கோடு கோடாக இறங்கியது. செருப்பைக் கதவருகே விட்டுவிட்டு வெறுங்காலோடு அடுப்புவரை வந்தான்.

“ஹில்லே, சத்திரத்து வாசல்ல ஒரு வண்டி நிக்குது. கட்டில், பெட்டி, தொட்டில் எல்லாம் ஏத்தி, மேல சாக்கு போட்டு மூடியிருக்கு. பிரபு அனுப்பின ஆள்தான் போல, ஒருத்தன் இறங்கி, எல்லர்புரோக் பண்ணைக்கு எந்த வழின்னு என்னையே கேக்கறான்.”

“நீ என்ன சொன்ன?”

“எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். எவ்வளவு நேரம் தாங்கும்? திரும்பி வந்துடுவான்.” அவன் அவளைப் பார்க்காமல் கொப்பரையைப் பார்த்துப் பேசினான். “எங்க அப்பா மண்ணுக்குள்ள இருக்கார். அவர் இனிமே நனைய மாட்டார். நீ நனைஞ்சுக்கிட்டே போன. சரி. நான் வந்துட்டேன். பேரை விட்டுட்டு வந்துட்டேன். போதுமா?”

ஹில்லே எதிர்பார்த்திருந்த வார்த்தை. காலையில் இதைக் கேட்டிருந்தால் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பாள். இப்போது அவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பவே ஆகட்டும்” என்றாள் ஸ்டீனா. கொப்பரையை இறக்கிக் கீழே வைத்துவிட்டாள். “கிழவர் கண்ணு திறந்திருக்கறப்பவே ஆகணும். சாட்சிக்கு நான் இருக்கேன். ஹில்லே, அவன் கையைப் பிடி. பிடிடீ, என்ன முழிக்கற? கட்டில் கதவை நல்லா தள்ளி விடறேன், அவர் பாக்கட்டும்.”

லூடெக்கேயின் கை சூடாக இருந்தது, மழையில் நடந்து வந்த பிறகும். ஹில்லே முன்னால் நடந்தாள். எரியும் மண்கட்டிகளைச் சுற்றி, தொங்கும் கொக்கியைச் சுற்றி, வலது பக்கமாக முதல் சுற்று.

“ஒண்ணு” என்றாள் ஸ்டீனா.

இரண்டாவது சுற்றில் லூடெக்கே ஒரு கணம் தயங்கினான். அவன் கண் கொக்கியின் தலைப்பக்கம் இருந்தது. புகையேறிக் கறுத்த இரும்பில் சின்னதாக ஒரு முத்திரை, ஒரு வளையமும் அதற்குள் ஒரு கோடும். ஹில்லே பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற முத்திரை. அது யாருடையது என்று அவள் கேட்டதில்லை.

“எங்க தாத்தா அடிச்சது” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“பேசாத, நட!” ஸ்டீனா கையைத் தட்டினாள். “ரெண்டு. இன்னும் ஒண்ணு. அத்தோட நீ எல்லர்புரோக். நடங்க.”

“நில்லுங்க.”

கட்டிலுக்குள்ளிருந்து வந்தது குரல். இத்தனை நாள் அந்த உடம்பில் எங்கே இருந்தது அவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை. கிழவர் ஒரு கையால் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்திருந்தார்.

“எல்லர்புரோக், படுங்க, உங்களால முடியாது...” ஸ்டீனா ஓடினாள்.

“நீ இரு, ஸ்டீனா. எம் பொண்ணுகிட்டப் பேசறேன்.”

ஸ்டீனா நின்றாள். வெளியே, சதுப்புப் பலகைகளின் மேல் வண்டிச் சக்கரம் ஏறும் கடகடப்பு தூரத்தில் கேட்கத் தொடங்கியிருந்தது. மாடுகள் அந்தப் பக்கம் காதைத் திருப்பின.

“ஹில்லே, தேனீங்ககிட்ட ஸ்டீனா போக வேண்டாம். நீ போ.” மூச்சு. “எல்லர்புரோக்னு சொல்லாத. எல்லர்புரோக்குங்க எத்தனையோ பேர் செத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அதே பேர்தான் சாகுது.” மறுபடி மூச்சு. “என்னைச் சொல்லு. எவெர்ட் சாண்ட்ஹாகன் செத்துட்டான்னு சத்தமா சொல்லு.”

“ஐயோ, காரியஸ்தர் ஆளு வந்துக்கிட்டிருக்கான்!” ஸ்டீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “பண்ணையே போயிடும், பொண்ணே!”

லூடெக்கே மூன்றாவது சுற்றுக்கு எடுத்து வைத்த கால் அப்படியே இருக்க, ஹில்லேயின் கையை விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அப்பாவுக்குச் சொல்லப்போகும் பதில் தனக்கும்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வண்டிச் சத்தம் நெருங்கியது. கொக்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு தடவைதான்” என்றார் கிழவர். “சொல்லுவியாம்மா?”